பிர்ச் மகரந்த ஊசி: உருமாற்றிய புரதம் தயாராகி 30 ஆண்டு ஆகிறது, எங்கள் கையில் ஏறுவது ஏன் இன்னும் பழைய சாறு?

#1 சுண்டிக்குளத்தான் எழுதியது

உறவுகளுக்கு வணக்கம். நீண்ட புலம்பல் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனியில் டோட்முண்ட் பக்கம் 27 வருடங்களாக இருக்கிறேன். முதல் 15 வருடங்கள் என் மூக்கு எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு ஒரு பங்குனியில் தொடங்கியது. இப்போது ஒவ்வொரு வருடமும் பங்குனி நடுவிலிருந்து வைகாசி வரை கண்ணும் மூக்கும் வாய்க்காலாக ஓடும். சித்திரை வருடப்பிறப்புக்குக் கோயிலுக்குப் போனால், கைவிசேஷம் கொடுக்கிற பெரியவர்கள் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஊரில் யாருக்காவது..." என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பச்சை அப்பிளைக் கடித்தால் நாக்கும் அண்ணமும் அரிக்கும். சோதித்துப் பார்த்து, பிர்ச் மரத்தின் மகரந்தம் என்றார்கள். எங்கள் கட்டடத்தின் வாசலிலேயே வெள்ளைப் பட்டையோடு இரண்டு மரங்கள் நிற்கின்றன.

கடந்த ஒக்டோபரில் ஒவ்வாமை ஊசி தொடங்கினேன். அந்த மகரந்தத்தின் சாற்றையே துளித்துளியாகக் கூட்டி உடம்பில் ஏற்றிப் பழக்குவது. ஐந்தாவது ஊசி போட்டுப் பத்து நிமிடம் இருக்கும். முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு காது மடல் சூடேறியது. அதற்குப் பிறகு தொண்டைக்குள் ஒரு முண்டு விழுங்க விழுங்க இறங்காமல் நின்றது. நான் வாய் திறக்கும் முன்பே தாதி என் முகத்தைப் பார்த்துவிட்டு அட்ரினலினைத் தொடையில் ஏற்றிவிட்டார். அன்று மாலை வரை படுக்கையில் வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இந்தச் சிகிச்சை 1911இல் இலண்டனில் தொடங்கியதாம். மகரந்தப் புரதத்தை மரபணு முறையில் மாற்றி, ஆபத்தில்லாமல் செய்யலாம் என்று வியன்னாவில் எப்போதோ காட்டிவிட்டார்களாம். அப்படியானால் 100 வருடத்துக்கு முந்தைய வழியை என் உடம்பில் ஏன் இன்னும் பரீட்சித்துப் பார்க்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மடிப்புக்காரி எழுதியது

அண்ணா, உயிரோடு இருந்து இழை தொடங்கியதற்கு முதலில் மகிழ்ச்சி. நான் ஆஸ்திரியாவில் புரத ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒவ்வாமை என் நேரடித் துறை இல்லை, பக்கத்து மேசைக்காரர்களின் துறை. ஆனாலும் இது புரதம் எப்படி மடிகிறது என்பதைப் பொறுத்த கதை. அதனால் நானும் மூக்கை நுழைக்கிறேன்.

1911இல் லியோனார்ட் நூன் என்ற மருத்துவர் இலண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டார். மகரந்தத்துக்குள் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் நினைத்தார். காரணம் தவறு, ஆனால் பலன் கிடைத்துவிட்டது. மருத்துவத்தில் இப்படி அடிக்கடி நடக்கும். அவர் 1913இல் காசநோயால் இறந்துபோனார், கூட்டாளி ஜான் ஃப்ரீமேன் வேலையைத் தொடர்ந்தார். உண்மையான காரணியான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் அகப்பட்டது 1966, 67இல்தான். அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதி, ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிச்சும். ஆக அரை நூற்றாண்டுக்கும் மேலாக, எதோடு சண்டை என்றே தெரியாமல் ஊசி போட்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் தொண்டையில் நடந்ததற்கு வருகிறேன். உங்கள் தோலிலும் மூச்சுப்பாதையிலும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஐஜிஇ நட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரே மகரந்தப் புரதம் அருகருகே உள்ள இரண்டு ஐஜிஇயைச் சேர்த்துப் பிடித்தால் அந்தச் செல் உள்ளே இருக்கிற ஹிஸ்டமினை, அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்புகிற பொருளை, எல்லாம் கொட்டிவிடும். ஊசியில் வந்தது மகரந்தத்தில் இருக்கும் அதே புரதம், அதே வடிவம். மூக்கில் நடப்பது இரத்தத்தில் நடந்தது, அவ்வளவுதான்.

பிர்ச்சில் அந்தப் புரதத்தின் பெயர் பெட் வி 1. மரத்தின் இலத்தீன் பெயரின் முதல் எழுத்துகளோடு ஓர் எண். பிர்ச் ஒவ்வாமைக்காரர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த ஒன்றுக்குத்தான் ஐஜிஇ வைத்திருக்கிறார்கள். 1989இல் வியன்னாக் குழுவினர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 1996இல் அதன் முப்பரிமாண வடிவம் வெளிவந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் கருப்பட்டி போட்டு வைக்கும் ஓலைப்பெட்டி உண்டு, உங்கள் ஊரிலும் இருக்கும். பெட் வி 1 கிட்டத்தட்ட அப்படி ஒரு பெட்டிதான். உள்ளே உண்மையாகவே ஒரு குழிவு இருக்கிறது. ஐஜிஇ பார்ப்பது முடைந்த பெட்டியின் வெளிவடிவத்தை, மூலையையும் விளிம்பையும். நோயெதிர்ப்பைத் திசைதிருப்பக்கூடிய டி செல் என்ற வெள்ளணுவுக்குப் பெட்டி தேவையில்லை. அது ஓலையைக் கிழித்து, துண்டு துண்டாக வாசிக்கும். ஆகவே பெட்டியைப் பிரித்துப்போட்டு ஓலையை மட்டும் கொடுத்தால்? ஐஜிஇக்குப் பிடிக்க விளிம்பு இல்லை, டி செல்லுக்கு வாசிக்க ஓலை இருக்கிறது.

இதைத்தான் வியன்னாவில் ருடால்ஃப் வாலன்டாவின் குழு 1997இல் செய்து காட்டியது. பெட் வி 1இல் 160 அமினோ அமிலம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1 முதல் 74 வரை ஒரு துண்டு, 75 முதல் 160 வரை இன்னொரு துண்டு. இரண்டும் தனித்தனியே மடிய முடியாமல் தொளதொளவென்று கிடந்தன. நோயாளிகளின் ஐஜிஇ அவற்றைக் கண்டுகொள்ளவில்லை.

இதில் எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது, மரமே இந்த வேலையை ஓரளவு செய்துவைத்திருக்கிறது என்பது. ஒரு பிர்ச் மரம் பெட் வி 1இன் பல சகோதர வகைகளைத் தயாரிக்கிறது. சில அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். அவற்றில் சிலவற்றை ஐஜிஇ மிகக் குறைவாகவே பிடிக்கிறது. ஃபாத்திமா ஃபெரெய்ரா குழுவினர் 1996இலேயே இதை எழுதி, இந்தச் சாது சகோதரர்களைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாமே என்றார்கள்.

#3 கசாயக்கடை எழுதியது

இவ்வளவு வம்பு எதற்கு? அந்தந்த ஊர்த் தேனைத் தினமும் ஒரு கரண்டி சாப்பிட்டால் மகரந்தம் தானாகப் பழகிவிடும். என் அனுபவம்.

#4 வடக்கு வைத்தியர் எழுதியது

கசாயக்கடையாருக்கு: தேனீ போவது பூவில் தேன் இருக்கிற செடிகளுக்கு. பிர்ச் காற்றில் மகரந்தம் தூவுகிற மரம். அதற்குப் பூச்சியின் தயவு தேவையில்லை, தேனும் கிடையாது. தேனில் பிர்ச் மகரந்தம் இருந்தாலும் தற்செயலாக ஒட்டியதுதான். தேநீரில் விட்டுச் சாப்பிடுங்கள், நல்லது. மருந்து என்று சொல்லாதீர்கள்.

சுண்டிக்குளத்தான் அண்ணாவுக்கு: நான் நோர்வேயில் பொது வைத்தியன். இங்கும் பிர்ச்தான் எங்கள் வசந்தகால எதிரி. உங்களிடம் மூன்று கேள்விகள். அந்த ஊசிக்கு முந்தைய வாரம் தடிமன், காய்ச்சல் ஏதும் இருந்ததா? அன்று ஓடியோ, பாரம் தூக்கியோ களைத்தீர்களா? உங்கள் மருந்துப் போத்தலில் இருப்பது இயற்கைச் சாறா, அலர்ஜாய்டா?

மூன்றாவது கேள்வி முக்கியம். மரபணு மாற்றம் வரும் முன்பே பெட்டியின் வடிவத்தைக் குலைக்க ஒரு முரட்டு வழி இருந்தது. 1970இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் மார்ஷும் கூட்டாளிகளும் மகரந்தப் புரதத்தை ஃபோர்மல்டிஹைட்டில் போட்டுக் கெட்டிப்படுத்தினார்கள். டெட்டனஸ் நஞ்சைத் தடுப்பூசியாக்குகிற அதே உபாயம். அதற்கு அலர்ஜாய்டு என்று பெயர். ஜேர்மனியில் இது கனகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே "1911இன் சாறு" என்று எல்லா ஊசியையும் சொல்ல முடியாது. அலர்ஜாய்டின் குறை, எந்த இடத்தில் எவ்வளவு குலைந்தது என்று ஒவ்வொரு தயாரிப்பிலும் துல்லியமாகச் சொல்ல முடியாதது. சுத்தியலால் அடித்துப் பெட்டியை நெளிப்பது மாதிரி. மடிப்புக்காரி சொல்வது கத்தரிக்கோல் வேலை.

#5 சுண்டிக்குளத்தான் எழுதியது

வைத்தியர் ஐயா, மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் முன்பு தடிமன் இருந்தது. தாதி கேட்டபோது "இப்போது பரவாயில்லை" என்று சொல்லிவிட்டேன். நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த தவணை ஆறு வாரம் தள்ளும் என்ற பயம். அதோடு அன்று 447ஆம் பஸ்ஸைப் பிடிக்க இரண்டு தெரு ஓடினேன். போத்தலில் என்ன என்று கேட்டுச் சொல்கிறேன்.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒருவன் பஸ்ஸுக்கு ஓடினால் செத்துப்போகக்கூடிய மருந்து, என்ன மருந்து?

#6 வடக்கு வைத்தியர் எழுதியது

நியாயமான கோபம். 1986இல் பிரித்தானியாவில் இதே கேள்விதான் எழுந்தது. 1957 முதல் இந்த ஊசிகளால் 26 பேர் இறந்ததாக மருந்துப் பாதுகாப்புக் குழு கணக்குச் சொன்னது. அதன்பின் உயிர்காக்கும் வசதி இல்லாத இடத்தில் போடக் கூடாது, போட்டபின் இரண்டு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த நாட்டில் பொது வைத்தியர்கள் இந்த ஊசியை ஏறக்குறையக் கைவிட்டார்கள். பிற்பாடு காத்திருப்பைக் குறைத்தார்கள். இன்று பெரும்பாலான நாடுகளில் 30 நிமிடம். கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

தாதி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்றீர்களே, அவருக்கு ஒரு பெட்டி சொக்கலேட் வாங்கிக் கொடுங்கள்.

#7 கணக்கப்பிள்ளை எழுதியது

நான் சென்னையில் மருந்துச் சோதனைகளின் தரவைச் சரிபார்க்கிற வேலை பார்ப்பவன். பெட்டி, கத்தரிக்கோல் எல்லாம் அழகுதான். ஆய்வகத்தில் அழகாக இருப்பதெல்லாம் நோயாளியிடம் வேலை செய்யும் என்றால் எனக்கு வேலையே இருக்காது.

பெட் வி 1 துண்டுகளை வைத்து 2000ஆம் ஆண்டை ஒட்டி மனிதர்களிடம் சோதித்தார்கள். முடிவு 2004இல் வந்தது, 124 நோயாளிகள். எதிர்ப்பொருள் கணக்கில் நல்ல மாற்றம். தும்மலும் கண்ணீரும் மருந்துச் செலவும் எவ்வளவு குறைந்தன என்று கேட்டால், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் தலையாட்டும் அளவுக்கு இல்லை. அதோடு புதிய தொல்லையும் வந்தது. உடனடி எதிர்வினை குறைந்தது, ஆனால் ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்து வருகிற எதிர்வினை வந்தது.

இதில் என் தொழில்முறை எரிச்சல் ஒன்று. மகரந்த மருந்தைச் சோதிக்க மகரந்தம் வர வேண்டும். அது நம் கையில் இல்லை. அமெரிக்காவில் ராக்வீட் என்ற களைச் செடிக்கு டைனவாக்ஸ் நிறுவனம் ஒரு மருந்து செய்தது. அந்தச் செடியின் முக்கியப் புரதத்தோடு டிஎன்ஏ துணுக்கு ஒன்றைப் பிணைத்தார்கள். 2006இல் 25 பேரிடம் செய்த சோதனை பெரிய இதழில் வந்தது, ஆறே ஊசியில் இரண்டு பருவம் நிம்மதி. எல்லோரும் கொண்டாடினார்கள். அடுத்து பெரிய சோதனை. அந்தப் பருவத்தில் வெற்று ஊசி (ஒப்பிட்டுப் பார்க்கப் போடுகிற, மருந்தில்லாத ஊசி) போட்டுக்கொண்டவர்களுக்கே அளக்கும் அளவுக்கு நோய் வரவில்லை. நோயே இல்லாத இடத்தில் மருந்து எதைக் குறைக்கும்? திட்டம் அத்தோடு சாய்ந்தது.

மகரந்தம் அல்ல என்றாலும் பூனை ஒவ்வாமையையும் சொல்லிவிடுகிறேன். சர்க்காசியா என்ற பிரித்தானிய நிறுவனம் பூனைப் புரதத்தின் சிறு துண்டுகளை, அதே ஓலைக் கொள்கைப்படி, மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனது. 2016 ஜூனில் முடிவு வந்தது. மருந்து போட்டவர்களுக்கும் குணம், வெற்று ஊசி போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே குணம். மூக்கொழுகலை நோயாளியே மதிப்பெண் போட்டு எழுத வேண்டிய நோயில் இப்படித்தான் நடக்கும்.

ஆகவே சுண்டிக்குளத்தான், உங்களுக்கு மருந்து வராததற்குச் சதி எதுவும் காரணமில்லை. அது ஜெயிக்கவில்லை.

#8 மடிப்புக்காரி எழுதியது

> அது ஜெயிக்கவில்லை.

கணக்கப்பிள்ளை ஐயா, பாதிக் கணக்கை மட்டும் எழுதிவிட்டுப் பேரேட்டை மூடுகிறீர்கள். எண்கள் சரி, ஒத்துக்கொள்கிறேன். சில மணி நேரம் கழித்து வந்த எதிர்வினையில் நீங்கள் தோல்வியைப் பார்க்கிறீர்கள், ஆய்வாளர்களுக்கு அது ஒரு தடயம்.

யோசித்துப் பாருங்கள். ஐஜிஇ பிடிக்கவே இல்லை, பிறகு எது எதிர்வினை காட்டியது? டி செல். பெட்டியைப் பிரித்தபோது, டி செல் வாசிக்கட்டும் என்று ஓலை முழுவதையும் விட்டுவைத்தோமே, அது வாசித்துவிட்டுக் கூச்சல் போட்டது. பூனை மருந்து நம்பியதும் டி செல்லை மட்டுமே. ஆக, முதல் தலைமுறையின் அடிப்படை நம்பிக்கையிலேயே ஒரு ஓட்டை.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் தெளிவானது. 1935இலேயே நியூயார்க்கில் ராபர்ட் குக் காட்டியிருந்தார், ஊசி போட்டுக்கொண்டவரின் இரத்தத்தில் ஒவ்வாமையைத் தடுக்கும் ஏதோ ஒன்று உருவாகிறது என்று. அது ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள், குறிப்பாக அதன் ஐஜிஜி4 வகை. மகரந்தப் புரதம் வந்ததும் ஐஜிஇக்கு முன்னால் இது ஓடிப்போய் விளிம்பை மூடிக்கொள்கிறது. பந்தியில் இடம் பிடிக்கத் துண்டு போட்டு வைப்பது போல. டி செல்லைத் தொந்தரவு செய்யாமல், இந்தத் துண்டு போடும் ஐஜிஜியை மட்டும் வரவழைக்க முடியாதா?

அங்கே பிறந்ததுதான் பிஎம்32. புல் மகரந்தத்துக்கானது, வியன்னாவின் பயோமே நிறுவனம் தயாரித்தது. பெட்டி முழுவதையும் பிரித்து ஓலையைக் கொட்டவில்லை. ஐஜிஇ வந்து பிடிக்கிற விளிம்புகளில் இருந்து சிறு கீற்றுகளை மட்டும் எடுத்தார்கள். தனியே எடுத்தபோது அந்தக் கீற்றை ஐஜிஇ அடையாளம் காணாது. அவற்றை வேறொரு பெட்டியில், ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தின் பிரீஎஸ் என்ற பகுதியில், வைத்துத் தைத்தார்கள். உதவிக்கு வரும் டி செல் வைரஸ் பெட்டியைப் பார்த்து வரும், மகரந்தத்தைப் பார்த்து அல்ல. வெளியாகும் ஐஜிஜி மட்டும் மகரந்த விளிம்பைப் பிடிக்கும். புல்லின் நான்கு முக்கியப் புரதங்களுக்கு இப்படி நான்கு. உபரியாக, அந்த ஊசி போட்டவர்களின் எதிர்ப்பொருள் ஆய்வகத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸையும் தடுத்தது. புடவை வாங்கப் போனவளுக்கு ரவிக்கைத் துணி இனாமாகக் கிடைத்த கதை.

#9 கணக்கப்பிள்ளை எழுதியது

பிஎம்32இன் இரண்டாம் கட்டச் சோதனை 2018இல் வெளிவந்தது. 181 பேர், இரண்டு வருடம். முன்கூட்டியே அறிவித்த முதன்மை இலக்கு எட்டப்பட்டதா என்று சொல்லுங்கள் தோழி.

#10 மடிப்புக்காரி எழுதியது

இல்லை, பலன் தற்செயல் அல்ல என்று சொல்லத் தேவையான புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. மற்ற அளவீடுகளில், நோயாளிகளின் வாழ்க்கைத் தரம், ஆஸ்துமா அறிகுறி உட்பட, இரண்டு வருடமும் முன்னேற்றம் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், நானும் சேர்த்தே சொல்கிறேன்.

#11 கணக்கப்பிள்ளை எழுதியது

சொல்கிறேன். ஆனால் இரண்டாம் நிலை இலக்கில் ஜெயித்தவர்கள் பட்டியல் மிக நீளம்.

#12 பரமக்குடி டீச்சர் எழுதியது

சண்டை சுவாரசியமாக இருக்கிறது, விடாதீர்கள். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள், மகன் வாங்கிக் கொடுத்த போனில் படிக்கிறேன். எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று, புரதத்தை மாற்றிப் போட்டால் உடம்பு அதற்குப் புதிதாக ஒவ்வாமை பிடித்துக்கொள்ளாதா? பேயை ஓட்டப் போய்ப் பிசாசை அழைத்துவந்த கதை ஆகிவிடக் கூடாதே.

இரண்டு, எங்கள் பக்கம் பிர்ச் கிடையாது. சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. அதன் மகரந்தமும் ஒவ்வாமை தரும் என்கிறார்கள். எங்களுக்கு இந்த வேலையை யாராவது செய்வார்களா?

#13 மடிப்புக்காரி எழுதியது

டீச்சர், முதல் கேள்வி வியன்னாக்காரர்கள் தங்களையே கேட்டுக்கொண்ட கேள்வி. 2004 ஆய்வில் அவர்கள் பார்த்தது இதைத்தான். பொதுவாக ஒவ்வொரு மகரந்தப் பருவம் முடிந்ததும் நோயாளியின் ஐஜிஇ மேலே எகிறும். உருமாற்றிய புரதம் போட்டவர்களிடம் அந்த எகிறல் குறைந்திருந்தது. பிசாசு வரவில்லை, பேயும் சற்று அடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. பிர்ச்சில் அதிர்ஷ்டம், ஏறக்குறைய எல்லா நோயாளிக்கும் ஒரே புரதம். சாற்றுக்குப் பதிலாகத் தூய பெட் வி 1ஐ மட்டும், வடிவம் மாற்றாமல், ஊசியாகப் போட்டாலும் சாற்றுக்கு நிகரான பலன் வருவதாக 2008இல் ஐரோப்பியச் சோதனை ஒன்று காட்டியது. ஒன்றை வென்றால் போதும். புல்லுக்கு நான்கு புரதம் தேவைப்பட்டது. சீமைக்கருவேலத்துக்கு எத்தனை என்று முதலில் நம் நோயாளிகளின் இரத்தத்தை வைத்துப் பட்டியல் போட வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகக் கத்தரிக்க வேண்டும். பணம் யார் கொடுப்பார்கள்? மகரந்தத்தால் அவதிப்படும் பணக்கார நாட்டில் எந்த மரம் நிற்கிறதோ அதற்குத்தான் ஆராய்ச்சி.

#14 சம்பா குறுவை எழுதியது

பணக்கார நாட்டு மரம் என்றதும் எனக்கு ஜப்பான் நினைவு வந்தது. நெல் ஆராய்ச்சிக்காக ட்சுகுபாவில் சில வருடங்கள் இருந்தேன். போருக்குப் பிறகு மலைகளில் சுகி என்ற தேவதாரு வகை மரத்தை வரிசை வரிசையாக நட்டுத் தள்ளினார்கள். வீடு கட்ட மரம் வேண்டும் என்று நட்டது. பிறகு வெளிநாட்டு மரம் மலிவாக வந்ததும் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். மரம் முதிர்ந்து மகரந்தம் கொட்டுகிறது. பிப்ரவரி கடைசியில் ரயில் பெட்டிக்குள் எல்லா முகத்திலும் முகமூடி, இது கொரோனாவுக்கு வெகு முன்பே. 2019 கணக்கெடுப்பில் 38.8 சதவீதம் பேருக்குச் சுகி ஒவ்வாமை இருந்தது.

அங்கே அரசு வேளாண் உயிரியல் நிறுவனத்தில் இந்த வேலையை அரிசிக்குள் செய்தார்கள். சுகி மகரந்தத்தின் இரண்டு முக்கியப் புரதங்களில் இருந்து டி செல் வாசிக்கிற ஏழு துண்டுகளைக் கோத்து ஒரே சங்கிலியாக்கி, நெல்லின் மணிக்குள் விளைய வைத்தார்கள். ஐஜிஇ அதைப் பிடிக்காது. நெல் மணியில் புரதம் சிறு பொட்டலங்களாகச் சேமிக்கப்படுவதால் வயிற்றில் சீக்கிரம் கரையாமல் குடல் வரை போகும். 2005இல் திறந்த வயலிலேயே நட்டார்கள். ஊசி வேண்டாம், மருத்துவமனை வேண்டாம், இரவுச் சாப்பாட்டோடு மருந்து.

எங்கே நின்றது தெரியுமா? இது சோறா மருந்தா என்ற இடத்தில். உணவு என்று கொண்டுபோக நினைத்தார்கள், சுகாதார அமைச்சகம் மருந்து என்றது. மருந்து என்றால் ஒவ்வொரு மணியிலும் எத்தனை மில்லிகிராம் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு கதிரிலேயே மேல் மணி வேறு, அடி மணி வேறு என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வான். இன்றுவரை கடைக்கு வரவில்லை.

#15 கணக்கப்பிள்ளை எழுதியது

அந்த 38.8, காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் எடுத்த கணக்கு. நாடு முழுவதற்கும் அப்படியே பொருத்த முடியாது. மன்னிக்கவும், தொழில் பழக்கம்.

#16 கசாயக்கடை எழுதியது

அரிசியில் மருந்து வைத்தால் விஞ்ஞானம், தேனில் வைத்தால் மூடநம்பிக்கையா?

#17 வடக்கு வைத்தியர் எழுதியது

அரிசியை வயலுக்கு முன் எலிக்குக் கொடுத்துச் சோதித்தார்கள் ஐயா. உங்கள் தேனையும் சோதித்துப் பாருங்கள், நானே மூக்கை நீட்டுகிறேன்.

மடிப்புக்காரி தங்கையின் வாதத்தில் எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. பாதுகாப்பான ஊசி வராததற்குச் சோதனையின் குளறுபடி மட்டும் காரணமில்லை. நடுவே மாத்திரை வந்துவிட்டது. புல் மகரந்த மாத்திரை ஐரோப்பாவில் 2006இலும், பிர்ச் மாத்திரை 2019இலும் அனுமதி பெற்றன. நாக்கின் கீழ் வைத்துக் கரைய விடுவது. உள்ளே இருப்பது மாற்றாத இயற்கைச் சாறுதான். முதல் சில நாள் வாய் அரிக்கும், நாக்கு தடிக்கும், ஆனால் உயிர் போகிற எதிர்வினை ஊசியைவிட மிக அரிது. முதல் மாத்திரையை வைத்தியர் முன் போட வேண்டும், மீதியை வீட்டில் போடலாம். பழைய சாற்றையே வேறு வாசல் வழியாக விட்டால் ஆபத்து குறைகிறது என்றானதும், புதுப் புரதத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்க நிறுவனங்களுக்கு அவசரம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் மூன்று வருடம், தினமும் ஒன்று. என் நோயாளிகளில் மூன்றாவது வருடம் வரை மறக்காமல் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொஞ்ச ஊசியோடு முடிகிற சிகிச்சைக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று நான் நினைப்பது அதனால்தான்.

#18 மடிப்புக்காரி எழுதியது

அதை மறுக்க மாட்டேன். இன்னொரு போட்டியும் வந்திருக்கிறது. உடம்பை ஐஜிஜி தயாரிக்கக் கெஞ்சுவானேன், எதிர்ப்பொருளையே தயாரித்து ஏற்றிவிடலாமே என்று ரீஜெனெரான் என்ற அமெரிக்க நிறுவனம் இறங்கியது. பெட் வி 1இன் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும் மூன்று எதிர்ப்பொருள்களின் கலவை. 2022இல் வெளியான முதல்கட்டச் சோதனையில் ஒரே ஊசியில் இரண்டு மாதம் மூக்கு அடங்கியிருந்தது. பிர்ச் பருவத்துக்கு அது போதும். ஆனால் அடுத்த வருடம் மறுபடி போட வேண்டும். வாடகை வீடு. தடுப்பூசி சொந்த வீடு. கட்டி முடிக்க நாள் ஆகிறது என்பதற்காக அஸ்திவாரத்தைத் தூர்த்துவிடலாமா என்பதுதான் எனக்கும் கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும் உள்ள வழக்கு.

#19 கணக்கப்பிள்ளை எழுதியது

தூர்க்கச் சொல்லவில்லை. குடிபுகுந்துவிட்டதாகப் பத்திரிகைகளில் எழுதாதீர்கள் என்கிறேன். "ஒவ்வாமைக்கு முடிவு" என்று தலைப்பு வைத்து வருடத்துக்கு ஒரு கட்டுரை வந்துவிடுகிறது, அதைப் படித்துவிட்டு ஒருவர் இருக்கிற ஊசியை நிறுத்தினால் யார் பொறுப்பு?

#20 பரமக்குடி டீச்சர் எழுதியது

இரண்டு பேரும் ஒரே விடைத்தாளைத்தான் திருத்துகிறீர்கள், ஒருவர் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுகிறார், அவ்வளவுதான். சுண்டிக்குளத்தான் தம்பி எங்கே? கேள்வி கேட்டவரையே காணோம்.

#21 சுண்டிக்குளத்தான் எழுதியது

இங்கேதான் இருக்கிறேன் டீச்சர் அம்மா. எல்லாவற்றையும் படித்தேன், சிலதை இரண்டு தரம்.

இன்று மறுபடி போனேன். போத்தலைக் காட்டச் சொன்னேன். என்னுடையது இயற்கைச் சாறுதான், அலர்ஜாய்டு அல்ல. வைத்தியரிடம் மாத்திரை, அலர்ஜாய்டு இரண்டையும் பற்றிக் கேட்டேன். இவ்வளவு விபரமாக ஒரு பஸ் சாரதி கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். பருவம் நெருங்குகிறது, இந்த வருடம் மருந்தை மாற்ற வேண்டாம், அளவைப் பல படி இறக்கி மெல்லப் போகலாம், வைகாசிக்குப் பிறகு அலர்ஜாய்டுக்கு மாறுவதைப் பேசலாம் என்றார். உருமாற்றிய புரதத்தின் சோதனை இந்தப் பக்கம் எங்காவது நடந்தால் என் பெயரைப் போடுங்கள் என்றும் சொல்லிவைத்தேன். கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு வெற்று ஊசிக் கூட்டத்துக்கும் ஒரு ஆள் வேண்டும்தானே.

தடிமன் இல்லை என்பதை இந்த முறை உண்மையாகச் சொன்னேன். ஒரு பஸ் முன்னதாகவே ஏறி வந்துவிட்டேன். தாதிக்குச் சொக்கலேட் கொடுத்தாயிற்று. அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, என்னை அவருக்கு நேர் எதிரே உள்ள கதிரையில் உட்காரச் சொன்னார்.

மனைவி நேற்று அப்பிளை அவித்து, கறுவாப்பட்டை போட்டுத் தந்தார். ஒரு அரிப்பும் இல்லை. ஏன் என்று யாராவது சொல்லுங்கள், இன்னும் 19 நிமிடம் இங்கே உட்கார வேண்டும்.

#22 மடிப்புக்காரி எழுதியது

அப்பிளில் இருப்பது பெட் வி 1இன் ஒன்றுவிட்ட தங்கை, மால் டி 1. ஏறக்குறைய அதே பெட்டி. அதனால்தான் உங்கள் ஐஜிஇ ஆள் மாறிப் பிடிக்கிறது. அவிக்கும்போது பெட்டி பிரிந்துவிடுகிறது, ஓலை மட்டும் வயிற்றுக்குப் போகிறது. வியன்னாவில் கத்தரிக்கோலால் செய்ததை அண்ணி அடுப்பில் செய்திருக்கிறார்.

உள்ளங்கை எப்படி இருக்கிறது?

#23 சுண்டிக்குளத்தான் எழுதியது

அரிப்பு இல்லை. ஊசி போட்ட இடத்தில் ஐந்து சென்ட் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கிறது. தாதி பேனாவால் சுற்றி வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் 12 நிமிடம்.